மேல்துளையில் செருகிய சட்டை

என் வீட்டுக்காரரை எங்கள் தெருவில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. நாற்பத்தெட்டு, அவ்வளவுதான். "நாப்பத்தெட்டு இருக்காரா?" என்று கேட்டுக்கொண்டுதான் கதவைத் தட்டுவார்கள். நான் நாப்பத்தெட்டு வீட்டம்மா. கல்யாணமான புதிதில் எரிச்சலாக இருந்தது. நாலைந்து வருடத்தில் பழகிவிட்டது. அப்புறம் அதிலேயே ஒரு பெருமை வந்து ஒட்டிக்கொண்டது. அந்தப் பெருமையால் நான் செய்த காரியத்தைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

அவருக்கு ஒழுகும் மாடிகளைச் சரி செய்கிற வேலை. பழைய பூச்சைச் சுரண்டி எடுப்பார், விரிசலை உளியால் அகலப்படுத்திக் கலவை வைத்து அடைப்பார், சுவரும் தரையும் சேரும் மூலைகளில் வலைத்துணி ஒட்டி வளைவாகப் பூசுவார். அப்புறம் பிரஷ்ஷால் இரண்டு கை பூச்சு. முதல் கை நீளவாக்கில், காய்ந்ததும் இரண்டாவது கை குறுக்குவாக்கில். இதையெல்லாம் எல்லா மேஸ்திரியும் செய்வார்கள். கடைசியில் செய்வதுதான் இவருடைய தனிக் கூத்து. தண்ணீர் போகும் குழாய் வாயைத் துணி வைத்து அடைத்து, மாடி முழுக்க நாலு விரல் உயரத்துக்குத் தண்ணீர் கட்டி, சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு வந்துவிடுவார். நாற்பத்தெட்டு மணி நேரம் அது அப்படியே நிற்க வேண்டும். காலையும் மாலையும் போய்க் கோட்டைப் பார்ப்பார். கீழே இறங்கி டார்ச் அடித்துக் கூரையைப் பார்ப்பார். மற்றவர்கள் நாலு வாளி ஊற்றிவிட்டு, "எல்லாம் சரியாயிடுச்சு சார்" என்று கைகழுவிக்கொண்டு போய்விடுவார்கள். இவரிடம் அது நடக்காது. "நாப்பத்தெட்டு மணி நேரம். ஒரு மணி நேரம் குறைஞ்சாலும் நான் பொறுப்பில்ல" என்பார்.

எந்த வீட்டுக்குள் போனாலும் முதலில் அண்ணாந்துதான் பார்ப்பார். என்னைப் பார்க்க எங்கள் வீட்டுக்கு முதன்முதலில் வந்த அன்றைக்கு, நான் முன்னால் வந்து நிற்கிறேன், இவர் என் தலைக்கு மேலே பார்த்து, "அந்த மூலையில ஈரம் இறங்குது, கவனிச்சீங்களா?" என்று என் அப்பாவைக் கேட்டார். எங்கள் மகள் பிறந்தபோது குழந்தையை இவர் கையில் கொடுத்த நர்ஸிடம், மேல்மாடியில் குழாய் உடைந்திருக்கும் போலிருக்கிறது என்று சொன்னவர். நான் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை. மனுஷன் அப்படித்தான்.

டீச்சர் வீடு எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி, திருப்பத்தில் இருக்கிறது. டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மாடியில் தனியாக இருக்கிறார். கீழே அவருடைய தம்பி. தம்பி புத்தகம் பைண்டிங் செய்கிறவர், ஊருக்கே பைண்டர். அப்பா போனபின் வீட்டை மேல் கீழாகப் பிரித்துக்கொண்டார்கள். டீச்சருக்கு மேலே ஒரு அறை, சமையல்கட்டு, முன்னால் பெரிதாக ஒரு திறந்த மாடி. அந்தத் திறந்த மாடிதான் பைண்டரின் கடைக்குக் கூரை. அக்காவுக்குத் தரை, தம்பிக்குக் கூரை. கூரை ஒழுகினால் யார் பார்ப்பது? "உன் தரை, நீ பாரு" என்பார் தம்பி. "உன் கூரை, நீ பாரு" என்பார் அக்கா. இப்படியே ஒன்பது வருடம். பைண்டர் மேஜைக்கு மேலே பிளாஸ்டிக் விரிப்பைக் கட்டிக்கொண்டு வேலை பார்த்தார்.

சண்டைக்கு இன்னொரு காரணம் டீச்சரின் தொட்டிகள். முப்பத்தொன்று. ரோஜா, செம்பருத்தி, பேர் தெரியாத கொடிகள். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுப்பது போலத் தினம் காலையில் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போவார். பைண்டருக்கு அதைக் கண்டாலே ஆகாது. செடிக்கு ஊற்றுகிற தண்ணீர் எல்லாம் தன் தலையில்தான் இறங்குகிறது என்பார்.

இவரைக் கூப்பிட்டது பைண்டர்தான். இவர் போய்ப் பார்த்துவிட்டு இரண்டு பேரையும் மாடியில் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்தார். ரொம்ப நாள் கழித்து அவர்கள் அப்படி நின்றது அன்றைக்குத்தான் என்று டீச்சர் அப்புறம் என்னிடம் சொன்னார்.

"செடியை எல்லாம் எடுத்தாகணும்" என்றார் பைண்டர்.

"செடி இருக்கட்டும்" என்றார் இவர். "குழாய் வாய இலை அடைச்சா தண்ணி ஏறும். அதுக்குத்தான இவ்வளவு பயம்? கைப்பிடிச் சுவர்ல தரையிலிருந்து மூணு விரல் மேல ஒரு துளை போட்டு விடறேன். கீழ அடைச்சாலும் தண்ணி அந்த மேல்துளை வழியா தெருவுக்குப் போயிடும். உங்க தலைக்கு வராது. அதுக்கு நான் பொறுப்பு."

அந்த ஒரு துளையை நம்பித்தான் இரண்டு பேரும் சமாதானமானார்கள். இரண்டு பேரும் பாதிப் பாதி போட்டு வேலையைக் கொடுத்தார்கள். பன்னிரண்டு நாள் வேலை. கடைசியில் தண்ணீர் கட்டினார். நாலு விரல் தண்ணீர் நிற்க வேண்டுமே, துளை மூன்று விரலில் இருக்கிறதே. அதனால் அதையும் அடைத்தார். நான்தான் பழைய துணி கொடுத்தேன். இவருடைய பச்சைச் சட்டை. காலர் நைந்தபோது நானே திருப்பித் தைத்து, அந்தப் பக்கமும் நைந்த பின்னால் பொத்தான்களை வெட்டி எடுத்துக்கொண்டு கந்தலில் போட்டது.

நாற்பத்தெட்டு மணி நேரம் கழித்துக் கீழே கூரையில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. பைண்டர் பிளாஸ்டிக் விரிப்பைக் கழற்றிச் சுருட்டி வாசலில் போட்டார். மேலே இவர் குழாய் வாயில் இருந்த துணியை உருவினார். தண்ணீர் எல்லாம் அந்த வழியே இறங்கிப் போய்விட்டது. தரை காய்ந்தது. டீச்சர் தொட்டிகளைப் பழையபடி சுவரோரம் வரிசையாக வைத்தார்.

மேல்துளையில் இருந்த சட்டையை இவர் எடுக்கவில்லை. மறந்துவிட்டார். தண்ணீர் கீழ்வழியே போய்விட்ட பின் மேலே ஒன்று இருப்பதே ஞாபகத்துக்கு வரவில்லை. நாற்பத்தெட்டு மணி நேரம் காவல் காத்தவருக்கு ஒரு கை நீட்டி உருவத் தோன்றவில்லை. தண்ணீர் கட்டுகிறவர்தான் செய்யக்கூடிய தப்பு அது. நாலு வாளி ஊற்றிவிட்டுப் போகிறவனுக்கு அந்தத் தப்பைச் செய்ய வழியே கிடையாது.

நாலு மாதம் ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் ஒரு மத்தியானம் மழை பிடித்தது. சாதாரண மழை இல்லை, எதிர்வீடு தெரியாத மழை. டீச்சர் போன் செய்தார். "மேஸ்திரி, தண்ணி ரூமுக்குள்ள வருது." இவர் செருப்புக்கூடப் போடாமல் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

அங்கே நடந்ததை இவரே சொல்லித்தான் எனக்குத் தெரியும். தொட்டி மண்ணும் இலையும் கீழ்க் குழாய் வாயை அடைத்திருந்தன. அது நிஜம். தண்ணீர் ஏறி, மேல்துளையையும் தாண்டி, வாசற்படி ஏறி, டீச்சரின் அறைக்குள் போய்விட்டது. அறைக்குள்ளே இவர் பூச்சு கிடையாது. அந்தத் தரையில் இருந்த பழைய விரிசல் வழியாகக் கீழே கடைக்குள் கொட்டியது. ஒரு நூலகத்துக்காக அட்டை பிரித்து அடுக்கி வைத்திருந்த புத்தகங்கள் எல்லாம் ஊறிப் போயின. பைண்டர் கீழே அவற்றை வாரிக்கொண்டிருந்தார். டீச்சர் அறைக்குள் துடைப்பத்தால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தார். இவர் முழங்கால் போட்டுத் தொட்டிகளுக்குப் பின்னால் கையை விட்டார். துணி தட்டுப்பட்டது. உருவியதும் தண்ணீர் குபுகுபுவென்று தெருவில் கொட்ட ஆரம்பித்தது. கையில் இருப்பது என்ன என்று பார்த்தார், பைக்குள் திணித்துக்கொண்டார்.

பைண்டர் மேலே வந்தார். முட்டிவரை நனைந்திருந்தார். "அந்தத் துளை என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

"தொட்டி மண்ணு" என்றார் இவர். "மேலயும் கீழயும் ரெண்டையும் அடைச்சிருச்சு."

சாயங்காலம் பையில் இருந்த சாமான்களைக் காய வைக்க எடுத்தபோது சட்டை என் கைக்கு வந்தது. சேறு பிடித்திருந்தாலும் என் தையல் எனக்குத் தெரியாதா? இவரே சுவரோரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, "காலையில போய் ரெண்டு பேர்கிட்டயும் சொல்லிடறேன்" என்றார்.

"சொல்லி?" என்றேன்.

"சொல்லிட்டா மனசு ஆறும்."

"உங்க மனசு ஆறும். பொழப்பு? நாளைக்கு யாரு உங்களைக் கூப்பிடுவாங்க? நாப்பத்தெட்டுன்னு சொன்ன வாய் வேற ஏதாவது சொல்ல ஆரம்பிக்கும். தெருவுல நான் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பேன்? தொட்டி மண்ணு அடைச்சுதா இல்லையா?"

"அடைச்சுது."

"அப்ப நீங்க சொன்னது பொய்யில்லையே."

"பாதிதான்."

"பாதி போதும்" என்றேன்.

மறுநாள் காலையில் இவர் டீச்சர் வீட்டுக்குப் போகவில்லை. நான் சட்டையைத் துவைத்துக் காய வைத்து மடித்துக் கந்தல் டப்பாவின் அடியில் வைத்தேன். தூக்கி எறிந்திருக்கலாம். ஏன் எறியவில்லை என்று இன்றுவரை எனக்கே தெரியவில்லை.

நூலகத்துக்காரர்கள் பைண்டருக்கு வேலை கொடுப்பதை நிறுத்தினார்கள். பைண்டர் அக்காவிடம் பேச்சை நிறுத்தினார். டீச்சர் அக்கம்பக்கத்தில் ஒவ்வொருவருக்காகக் கூப்பிட்டுத் தொட்டிகளைக் கொடுத்தார். நானும் உதவிக்குப் போனேன். படியில் இறக்கி வைத்தேன். "ஒண்ணுமே தெரியாம அவன் வயித்துல மண்ணள்ளிப் போட்டுட்டேனேம்மா" என்று டீச்சர் சொன்னபோது நான் தொட்டியின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொட்டி எல்லாம் போன பிறகும் தம்பி மேலே வரவில்லை.

இவர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அங்கே போனார். யாரும் கூப்பிடாமல். குழாய் வாயைச் சுத்தம் செய்வார், மேல்துளைக்குள் கம்பி விட்டுப் பார்ப்பார், மூலைப் பூச்சைத் தடவிப் பார்ப்பார். டீச்சருக்கு அதைப் பார்த்துக் கண் கலங்கும். ஒரு நாள், கொடுக்க மனசு வராமல் கடைசிவரை வைத்திருந்த வெள்ளை ரோஜாத் தொட்டியை இவர் கையில் கொடுத்துவிட்டார். "இது உங்ககிட்ட இருந்தா எனக்கு நிம்மதி, மேஸ்திரி. உங்களை மாதிரி நேர்மையா வேலை செய்யறவங்க யாரு இருக்காங்க" என்றாராம். இவர் அதைக் கொண்டு வந்து எங்கள் ஜன்னல் திட்டில் வைத்தார். அன்றைக்குச் சாப்பிடவில்லை. தண்ணீர் ஊற்றுவது என் வேலை ஆயிற்று. அந்தப் பாழாய்ப் போன செடி வாரம் தவறாமல் பூத்தது.

ஏழு மாதம் ஆனது. ஒரு சாயங்காலம் பைண்டர் ஒரு காகிதத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். வக்கீலை வைத்து எழுதியிருந்தார். திறந்த மாடி கடையின் கூரை, அதை அக்கா எந்த விதத்திலும் புழங்கக்கூடாது, கதவை அடைத்துச் சுவர் எழுப்ப வேண்டும், இதுதான் விஷயம். நஷ்டத்துக்குக் காரணம் தொட்டி மண்தான் என்று வேலை செய்த மேஸ்திரி சாட்சி சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும்.

"நீங்க ஒரு கையெழுத்து போட்டா போதும். உங்க பேச்சை அக்கா தட்ட மாட்டா" என்றார்.

நான் சமையல்கட்டு வாசலில் நின்றேன். போடாதீங்க என்று சொல்ல வாய் வரவில்லை. நிஜத்தைச் சொல்கிறேன், போட்டுத் தொலைத்தால் இந்தப் பேச்சு இதோடு முடியுமே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. டீச்சரின் கதவு முன்னால் சுவர் எழும்புவது அதற்கப்புறம்தான் கண்ணில் வந்தது.

இவர் பேனாவை வாங்கி, மூடியைத் திறந்து, திரும்ப மூடினார். "டீச்சரும் இருக்கட்டும். காலையில மாடியில வச்சுப் பேசிக்கலாம்" என்று சொல்லி அனுப்பினார்.

காலையில் என்னைப் பார்த்து, "அந்தச் சட்டை எங்க?" என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். பின்னாலேயே போனேன்.

தொட்டிகள் இல்லாத மாடி விரித்துப் போட்ட பாய் மாதிரி கிடந்தது. சுவரோரம் முப்பத்தொரு வட்டக் கறைகள். டீச்சர் கதவோரம் நின்றார், பைண்டர் படியோரம் நின்றார். இவர் முழங்கால் போட்டு உட்கார்ந்து, சட்டையைச் சுருட்டி, மேல்துளையில் அழுத்திச் செருகினார். கச்சிதமாக உட்கார்ந்தது.

"தண்ணி கட்டினப்ப இப்படித்தான் வச்சேன்" என்றார். "எடுக்க மறந்துட்டேன். மழையன்னைக்கு நான்தான் உருவினேன். மண்ணு கீழ மட்டும்தான் அடைச்சுது. இது திறந்திருந்தா ஒரு சொட்டுகூட உள்ள வந்திருக்காது. செடி மேல தப்பில்ல. டீச்சர் மேல தப்பில்ல."

பைண்டர் குனிந்து துளையைப் பார்த்தார். சட்டையின் ஒரு கை வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

டீச்சர், "எப்பத் தெரியும் உங்களுக்கு?" என்று கேட்டார். குரல் உயரவில்லை.

"அன்னைக்கே தெரியும்."

"ஏழு மாசம். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்தீங்களே."

"ஆமா."

"ஏன் சொல்லல?"

அவள்தான் தடுத்தாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பாதிப் பாரம் என் தலைக்கு மாறும். இவர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"பயந்துட்டேன், டீச்சர்" என்றார்.

நான் கைப்பிடிச் சுவரில் காய்ந்திருந்த சுண்ணாம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டு நின்றேன். அப்போது பேசியிருக்க வேண்டும். டீச்சர் துளையிலிருந்து சட்டையை உருவி, நாலாக மடித்து, இவர் கையில் கொடுத்தார். "நீங்க போங்க, மேஸ்திரி" என்றார். படி இறங்கும்போது பைண்டர் அந்தக் காகிதத்தைக் கிழித்துக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. அப்புறம் டீச்சரின் குரல், "உள்ள வா, நின்னுக்கிட்டே இருக்காத" என்றது. அது எங்களுக்குச் சொன்னதல்ல, தம்பிக்கு.

தெருவில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. அக்காவும் தம்பியும் ஒருத்தரிடமும் வாய் திறக்கவில்லை. இவர் பேர் இன்னும் நாற்பத்தெட்டுதான். வேலைக்குக் கூப்பிட ஆட்கள் வந்தபடிதான் இருக்கிறார்கள். நான் எதைக் காப்பாற்ற அன்றைக்கு அப்படிப் பேசினேனோ அது ஒரு கீறல் இல்லாமல் இருக்கிறது. இப்போது யாராவது வாசலில் நின்று "நாப்பத்தெட்டு" என்று கூப்பிட்டால் இவர் உடனே எழுந்து போவதில்லை. இரண்டாம் தடவை கூப்பிட்ட பிறகுதான் போகிறார்.

பத்து நாள் கழித்து டீச்சர் எனக்குப் போன் செய்தார். "அந்த ரோஜாத் தொட்டியைக் கொண்டு வந்து கொடுத்துடும்மா" என்றார். நான் இடுப்பில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனேன். இரண்டு மொட்டு இருந்தது, அது வேறு. வாசலிலேயே பைண்டர் வாங்கிக்கொண்டு, "படி வழுக்கும், நான் கொண்டு போறேன்" என்று மாடி ஏறினார். மேலே வேறு நாலைந்து தொட்டிகளும் திரும்பி வந்திருந்தது தெரிந்தது.

டீச்சர் கீழே இறங்கி வந்தார். உள்ளே வா என்று சொல்லவில்லை. ஆனால் என் கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தன் முந்தானையாலேயே துடைத்துவிட்டார்.

"உன்னைச் சொல்லி என்ன" என்றார். "நீ என்ன பண்ணுவ, பாவம். உனக்குத் தெரிஞ்சிருந்தா அன்னைக்கே அவரை இழுத்துக்கிட்டு வந்திருப்ப."

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்பது போல ஆட்டினேன்.

வீட்டுக்கு வந்தபோது இவர் ஈரத்துணியால் ஜன்னல் திட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். தொட்டி இருந்த இடத்தில் வட்டமாகக் கறை. அது போகவில்லை.

"என்ன சொன்னாங்க?" என்று கேட்டார்.

"ஒண்ணும் சொல்லல."

"உன்கிட்டயாவது நல்லா பேசினாங்களா?"

"பேசினாங்க."

"அது போதும்" என்று சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார்.